நான்கு செக்கன்களும் ஒரு சுருள்வில்லும்

சென்ற பங்குனி மாதம் ரொறன்ரோவிலிருந்து என் தமக்கையின் மகன் தொலைபேசியில் அழைத்தான். பனி கரைந்து, மூடிவைத்த மோட்டார் சைக்கிள்களை வெளியே எடுக்கும் பருவம் அங்கே அது. அவனிடம் கவாசாகி நிஞ்சா 400 ஒன்று உண்டு. வீதியில் ஓடுவதைக் காட்டிலும், நகரத்துக்குக் கிழக்கே ஷனன்வில் என்ற இடத்திலுள்ள ஓடுகளத்தில் கட்டணம் செலுத்தி ஓடுவதில்தான் அவனுக்கு விருப்பம். அது பந்தயமன்று, முந்துபவருக்குக் கிண்ணம் எதுவும் இல்லை. திறமைக்கேற்பக் குழுக்களாகப் பிரித்து, எதிரே வாகனமும் குறுக்கே மாடும் வராத பாதையொன்றில் விடுவார்கள். அவ்வளவுதான்.

“மாமா, முன் ஃபோர்க்கின்ரை உள்ளுறுப்பையும் பின் ஷொக்கையும் மாத்த இரண்டாயிரம் டொலருக்குக் கிட்ட முடியும். மாத்துறதோ, விடுறதோ?” என்று கேட்டான்.

அரை மணித்தியாலம் கழித்துத் தமக்கை அழைத்தார். “தம்பி, நீ சொன்னால் அவன் கேப்பான். அதை மாத்தினால் இன்னும் வேகமா ஓடுவானெல்லோ? வேண்டாமெண்டு சொல்லு.”

இக்கேள்விக்கு என்னைத் தேடி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பத்திரிகைத் தணிக்கை கடுமையாக இருந்த ஆண்டுகளில், ஞாயிறு இதழின் ஒரு பக்கத்தை நிரப்புவதற்காக மோட்டார் பந்தயங்களின் வரலாற்றைப் பற்றி நான் சிறிது காலம் எழுதி வந்தேன். தணிக்கையாளர் வெட்டுவதற்கு அதில் எதுவும் இருக்கவில்லை. அக்காலத்தில் வாசித்த நூல்களும் எடுத்த குறிப்புகளும் இன்றும் மனதில் நிற்கின்றன. மருமகனின் கேள்வி புதியதன்று என்பதையும் அக்குறிப்புகளிலிருந்தே நான் அறிந்திருந்தேன். உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களும் தொழிற்சாலைகளும் 1930களில் இதே கேள்வியை வைத்துக்கொண்டு தடுமாறியிருக்கிறார்கள்.

அதற்கு முன்னர், சுருள்வில் வேறு, தணிப்பான் வேறு என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிட வேண்டும். 1993ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத காலம். சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். என்னிடம் பழைய ஹொண்டா சி 90 ஒன்று இருந்தது. செம்மணிப் பக்கமாக ஒரு குழியில் அது விழுந்து எழுந்தது. எழுந்ததோடு நிற்கவில்லை, மீண்டும் அமிழ்ந்தது, மீண்டும் எழுந்தது. மூன்றாவது துள்ளலில் நான் உவர்நீரில் கிடந்தேன். கராஜ்காரர் பின் ஷொக்கை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஸ்பிறிங்கிலை பிழையில்லைத் தம்பி, ஒயில் எல்லாம் ஒழுகிப்போட்டுது.” பாரத்தைத் தாங்குவது சுருள்வில். அது வாங்கிய அதிர்வைத் திருப்பித் திருப்பிக் கொடுக்காமல் அடக்குவது உள்ளேயிருக்கும் எண்ணெயின் வேலை. எண்ணெய் போனால் சக்கரம் பந்தாகிவிடும். நிலத்தைத் தொடாத சக்கரத்தால் பிறேக் பிடிக்கவும் முடியாது, வளையவும் முடியாது.

1930களின் முற்பகுதியில் மான் தீவின் ரி.ரி. பந்தயத்துக்கு வந்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் பின்சக்கரத்துக்கு எவ்விதச் சுருள்வில்லும் கிடையாது. சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பூட்டப்பட்டிருக்கும். சுற்றொன்று அறுபது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். நாள்தோறும் மக்கள் பயன்படுத்தும் சாதாரண வீதிகள். பலோ பாலத்தில் வண்டி இரு சக்கரங்களும் நிலத்தை விட்டெழப் பறக்கும். அப்படிப்பட்ட பாதையில் ஏழு சுற்றுக்களை அந்த விறைப்பு வண்டிகளில் ஓடினார்கள். ஓட்டுநரின் முழங்காலும் முதுகெலும்புமே சஸ்பென்சன். அதில் அவர்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

இதை வெறும் பிடிவாதம் என்று நான் ஒதுக்கமாட்டேன். பின்சக்கரத்தை அசையவிட்டால் அது மேலும் கீழும் மட்டுமா அசையும்? அச்சுக்கள் தேய்ந்தால் பக்கவாட்டிலும் ஆடும். வளைவின் நடுவில் வண்டி நெளியும். பாரமும் கூடும். அதிர்வை அடக்க அன்று பரவலாகக் கைக்கெட்டியது உராய்வுத் தட்டு. அதன் குணமோ தலைகீழானது. மெல்லிய அதிர்வுக்கு அசையாமல் விறைத்து நிற்கும், பெரிய அடி விழும்போது வழுக்கிவிடும். விறைப்புச் சட்டத்தோடு வெற்றிமேல் வெற்றி குவித்துக்கொண்டிருந்த நோர்ட்டன் நிறுவனம் மாற வேண்டிய தேவை என்னவென்று கேட்டதில் நியாயமும் இருந்தது.

இத்தாலியில் மோட்டோ குஸ்ஸி வேறு வழியில் சென்றது. நிறுவனரான கார்லோ குஸ்ஸியின் சகோதரர் ஜுசெப்பே, இயந்திரத்துக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் சுருள்விற்களை வைத்துப் பின்சக்கரத்தை அசையவிட்டார். வீதிகள் மோசமான வட ஐரோப்பாவுக்கு, துருவ வட்டத்தையும் தாண்டி, 1928இல் தாமே அவ்வண்டியை ஓட்டிச்சென்று காட்டினார். ஆனால் நெடும்பயணம் வேறு, பந்தயம் வேறு என்றே பலரும் எண்ணினர்.

1935ஆம் ஆண்டு சீனியர் ரி.ரி. அந்த எண்ணத்தைக் குலைத்தது. டப்ளினைச் சேர்ந்த ஸ்ரான்லி வூட்ஸ், முன்பு நோர்ட்டனுக்காக வென்றவர், அவ்வாண்டு பின்சுருள்வில் பூட்டிய குஸ்ஸியில் வந்தார். நோர்ட்டனின் நாயகன் ஸ்கொட்லாந்துக்காரர் ஜிம்மி கத்ரி. ஓட்டுநர்கள் இடைவெளி விட்டுப் புறப்படும் பந்தயம் அது. கத்ரி முன்னதாகவே புறப்பட்டுவிட்டார். வூட்ஸ் வெகு பின்னால். ஆறு சுற்றுக்கள் முடிந்தபோது கத்ரி 26 செக்கன் முன்னிலையில் இருந்தார். குஸ்ஸியின் ஆட்களோ எரிபொருள் நிரப்ப வேண்டிய ஆயத்தங்களை எல்லோரும் காணும்படி செய்துகொண்டிருந்தார்கள். வூட்ஸ் நிற்பார், முன்னிலை மேலும் பெருகும் என்று நோர்ட்டன் தரப்பு கணக்கிட்டது. வூட்ஸ் நிற்கவில்லை. நேரே பாய்ந்து கடைசிச் சுற்றுக்குள் நுழைந்தார். கத்ரிக்கு எச்சரிக்கை கொடுப்பதற்கும் வழியில்லை. அவர் எப்போதோ அவ்விடத்தைக் கடந்துவிட்டிருந்தார். கத்ரி வந்துசேர்ந்து, வென்றவரென வாழ்த்துப் பெற்றுக்கொண்டிருந்தார். பின்னர் வூட்ஸ் வந்தார். மணிக்கு 86.53 மைல் என்ற புதிய சுற்றுச் சாதனையோடு, நான்கு செக்கனால் பந்தயம் அவருடையதாயிற்று.

மூன்று மணி ஏழு நிமிடம் நீடித்த பந்தயத்தில் நான்கு செக்கன். இது சுருள்வில்லின் வெற்றியா, எரிபொருள் தந்திரத்தின் வெற்றியா என்று கேட்டால், ஒன்றைத் தனியே பிரித்தெடுக்க எவராலும் முடியாது. குஸ்ஸியின் இரட்டைச் சிலிண்டர் இயந்திரத்துக்கும் அதில் பங்குண்டு. எனினும், கடைசிச் சுற்றில், மூன்று மணித்தியாலம் அடிபட்ட உடலோடு ஒருவர் தமது அதிவேகச் சுற்றை ஓடினார் என்பது எனக்கு எப்போதும் பெரிதாகத் தோன்றும். சஸ்பென்சன் வேகத்தைத் தருவதில்லை, களைப்பை வாங்கிக்கொள்கிறது. களைக்காதவர் வேகமாக ஓடுகிறார்.

நோர்ட்டன் பாடம் படித்தது. 1936இல் அவர்களுடைய பந்தய வண்டியின் பின்சக்கர அச்சின் இருபுறமும் செங்குத்தான சுருள்விற்கள் தோன்றின. அதன் தோற்றத்தைக் கேலி செய்து ‘தோட்டப் படலை’ என்று அச்சட்டத்துக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவ்வாண்டு சீனியர் பந்தயத்தை கத்ரி வென்றார். இரண்டாவதாக வந்தவர் வூட்ஸ், இம்முறை வெலோசெற் வண்டியில். அதற்கும் பின்சக்கரம் அசைந்தது. கேள்வி ஓராண்டுக்குள் முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம். கத்ரி 1937இல் ஜெர்மனியின் சக்சன்றிங் பந்தயத்தில், கடைசிச் சுற்றில் விழுந்து இறந்தார்.

போருக்குப் பின்னர் நடந்ததே மருமகனின் கதைக்கு மிகவும் நெருக்கமானது. பெல்பாஸ்ற்றில் றெக்ஸ் மக்கண்ட்லெஸ் என்ற மனிதர் இருந்தார். பொறியியலைத் தாமாகவே கற்றவர். போர்க்காலத்தில் தமது வண்டிக்காகச் சிற்றோன் கார் ஒன்றின் எண்ணெய்த் தணிப்பான்களை எடுத்துப் பின்சக்கரத்துக்குப் பொருத்தினார். சுருள்வில் எல்லோரிடமும் இருந்தது. எண்ணெயால் அதை அடக்கும் வழியை அவர் சரியாகப் பிடித்துக்கொண்டார். பின்னர் பழைய விறைப்புச் சட்டங்களில் பூட்டத்தக்க மாற்றுத் தொகுதியை ஏனையோருக்கும் விற்றார். ஆக, கையிலிருக்கும் வண்டிக்குப் பணம் கொடுத்துச் சஸ்பென்சன் மாற்றுவதா என்ற கேள்வியை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே சாதாரண ஓட்டுநர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

நோர்ட்டன் அவரை அழைத்தது. அவர் கட்டிக்கொடுத்த சட்டத்தை ஓட்டிய ஹரல்ட் டானியல், அது இறகு மெத்தையில் இருப்பதுபோல் உள்ளதென்று சொல்லப்போய், ‘ஃபெதர்பெட்’ என்பதே அதன் பெயராக நிலைத்துவிட்டது. 1950 சீனியர் ரி.ரி.யில் முதல் மூன்று இடங்களும் அச்சட்டத்துக்கே கிடைத்தன. ஜெஃப் டியூக் மணிக்கு 93.33 மைல் சுற்றுச் சாதனையோடு வென்றார். இத்தனைக்கும் இயந்திரம் முன்பிருந்த அதே ஒற்றைச் சிலிண்டர்தான். எதிரே நின்ற இத்தாலிய கிலேராவோ நான்கு சிலிண்டர்களைக் கொண்டது.

நான் மருமகனிடம் சற்று நிறுத்திச் சொன்னது இதற்கு அடுத்த பகுதியைத்தான். அதே ஆண்டு பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் டியூக்கின் ரயர்களின் மேற்றோல் ஓட்டத்தின் நடுவிலேயே உரிந்துபோயிற்று. வண்டி முன்னெப்போதும் இல்லாதவாறு வளைவுகளில் பிடித்து ஓடியது. அந்தச் சுமையை ரயர் தாங்கவில்லை. உலகப் பட்டத்தை கிலேராவின் மசெற்றியிடம் ஒரேயொரு புள்ளியால் டியூக் இழந்தார். அடுத்த ஆண்டு 350, 500 ஆகிய இரு பட்டங்களையும் வென்றார் என்பது வேறு விடயம். ஓரிடத்தைப் பலப்படுத்தினால் அடுத்த பலவீனம் எங்கேயென்று தேட வேண்டியிருக்கிறது. அது ரயராகவும் இருக்கலாம், ஓட்டுபவனாகவும் இருக்கலாம்.

பிற்கால வரலாற்றை விரைவாகவே கடந்துவிடலாம். பெல்ஜியப் பொறியியலாளர் லூசியன் ரில்கன்ஸ் வடிவமைத்த ஒற்றைப் பின் ஷொக்கை யமஹா வாங்கியது. அதைப் பூட்டிய வண்டியில் சுவீடன்காரர் ஹோக்கன் அண்டர்சன் 1973இல் 250 சிசி மோட்டோகுறொஸ் உலகப் பட்டத்தை வென்றார். 1976இல் சுவீடனில் கென்ற் ஓலின் தமது பெயரிலேயே தொடங்கிய நிறுவனத்தின் பொன்னிற ஷொக் இன்று ஓடுகளங்களில் ஒருவகை ஆபரணம். ஆபரணம் என்று வேண்டுமென்றே சொல்கிறேன். அதன் திருகுகளை ஒருமுறையேனும் திருகிப் பார்க்காமல் அழகுக்காகப் பூட்டி வைத்திருப்போர் ஏராளம்.

இனி மருமகனின் வண்டி. நிஞ்சா 400இன் முன் ஃபோர்க்கில் ஓட்டுநர் திருகி மாற்றக்கூடிய எதுவுமில்லை. பின்புறத்தில் சுருள்வில்லின் முன்னழுத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். பலரும் வாங்க வேண்டிய விலையில், நகர வீதிகளின் சொகுசுக்காகச் செய்த வண்டி அது. அதில் குறைகாண ஏதுமில்லை. மருமகனோ தோலாடையும் தலைக்கவசமுமாக ஏறினால் 92 கிலோ. அவனிடம் ஒன்று கேட்டேன்: “இப்ப இருக்கிறதிலை என்ன பிழையைக் கண்டனீ?” ஃபோர்க் காலில் ஒரு பிளாஸ்ரிக் பட்டியைக் கட்டிவிட்டு ஓடிப்பார்த்தானாம். பிறேக்கை இறுக்கும் வளைவு முடிந்து வந்து பார்த்தால், பட்டி மேலே எல்லைவரை தள்ளப்பட்டிருந்ததாம். முன்புறம் முழுவதுமாக அமிழ்ந்து, அதற்குமேல் போக இடமில்லாமல் நிற்கிறது. அந்நிலையில் வீதியின் சிறு மேடும் நேரே ரயருக்குத்தான் போகும்.

இது ஆசை சொன்ன காரணமன்று. வண்டி சொன்ன காரணம். பின்புறத்தைப் பற்றிக் கேட்டேன். அவனால் எதையும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. அவனுடைய நண்பர்கள் மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவே.

ஆகவே என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். முதலில் அளந்து பார். நீ ஏறி உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பதை. ஓடுகளத்துக்கு 30 முதல் 35 மில்லிமீற்றர் வரை என்பது பொதுவான கணக்கு. முன்புறத்துக்கு உன் எடைக்கேற்ற சுருள்விற்களையும் புதிய எண்ணெயையும் போடு. அது சில நூறு டொலரோடு முடியும். பின் ஷொக்கை இவ்வருடம் விடு. இருப்பதைத் திருகி ஓடிப்பார். மிச்சப் பணத்தில் நல்ல ரயரும், பின்னால் வந்து உன் பிழையைச் சொல்லும் பயிற்றுநரோடு இரண்டு நாளும். பின்புறம் இன்னதைச் செய்கிறது என்று உன்னால் எனக்குச் சொல்ல முடிகிற நாளில் ஷொக்கை வாங்கு.

தமக்கைக்குச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மாற்றினால் வேகம் கூடாது என்று நான் பொய் சொல்லவில்லை. கூடலாம் என்றேன். ஆனால் இப்போது அவன் பிறேக் பிடிக்கும்போது முன்சக்கரம் ஒழுங்காக நிலத்தைப் பிடிக்கவில்லை என்றும் சொன்னேன். உவர்நீரில் நான் கிடந்த கதை அவருக்குத் தெரியும்; அன்று என் சேட்டைத் தோய்த்தவர் அவர்தான். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப அந்த ஒயிலை மாத்தட்டும்” என்றார்.

சித்திரையில் மீண்டும் அழைத்தார். இறக்கத்தை அளப்பதற்கு ஒருவர் வண்டியைப் பிடிக்க வேண்டும், ஒருவர் அதில் இருக்க வேண்டும், ஒருவர் அளக்க வேண்டும். மருமகள் வண்டியைப் பிடித்தாளாம், அவன் முழு ஆடையோடு ஏறி இருந்தானாம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கராஜ் நிலத்தில் முழங்காலிட்டு அளவுநாடாவை வாசித்தவர் தமக்கை.

“நாப்பத்தேழு தம்பி. புது ஸ்பிறிங் போட்டாப்பிறகு முப்பத்துநாலு. ரண்டு தரம் பாத்தனான்.”