பாம்பூஃப்ளாட் படகு

சிட்னியில் தினமும் படகேறித்தான் ஆபீஸ் போகிறேன். கூட வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய சொகுசு. பாம்பூஃப்ளாட்டில் வளர்ந்தவனுக்கு இதில் என்ன புதுசு? சாத்தம் போகிற படகை விட்டால் முதல் பீரியட் போச்சு, அவ்வளவுதான் :-)

யோசித்துப் பார்த்தால் சிட்னியும் போர்ட் பிளேரும் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம், என் வாயில் இன்னும் வரவில்லை) பங்காளிகள். இங்கே 1788-ல், அங்கே 1858-ல், வெள்ளைக்காரன் கைதிகளை இறக்கிய துறைமுகங்கள். டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்தார். தலைமையிடம் ராஸ் என்ற குட்டித் தீவு. சிறைக்கு அது சரியான கணக்குதான். தண்ணீரே மதில்! ஒழுங்காக நடந்துகொண்ட கைதிகளுக்கு நிலம் கொடுத்துச் சுற்றுவட்டாரத்தில் குடிவைத்தார்கள். வைஸ்ராய் மேயோ 1872-ல் குத்துப்பட்டதும் நம்ம பக்கத்து ஹோப் டவுனில்தான், மவுண்ட் ஹாரியட் பார்த்துவிட்டுப் படகேறப் போகையில்.

1941 நிலநடுக்கத்தோடு ராஸின் கதை முடிந்தது. கணக்கு மட்டும் மாறவில்லை. செயலகம், ஜி.பி.பந்த் ஆஸ்பத்திரி, விமான நிலையம், சென்னைக் கப்பல் நிற்கும் ஹாடோ எல்லாம் அந்தக் கரையில். 2011 கணக்கெடுப்பில் தீவுகள் முழுக்க 3.8 லட்சம் பேர். அதில் ஒரு லட்சத்துக்கு மேல் போர்ட் பிளேரில். பாம்பூஃப்ளாட் எட்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை. நமக்கு வந்தது 2003-ல் 20 மெகாவாட் டீசல் மின்நிலையம். மின்சாரம் டவுனுக்கும் சேர்த்து, புகை நமக்கு மட்டும்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு ராத்திரியில். படகில்லை. ஃபெரார்கஞ்ச் வழியாக விரிகுடாவையே சுற்றி ஜீப்பில் போனோம். எதிரே ஆஸ்பத்திரிப் பக்க விளக்குகள் தெரிந்துகொண்டே இருந்தன. பிழைத்துக்கொண்டார்.

பாலம் வரும் என்ற பேச்சு பல வருடமாக ஓடுகிறது. வரட்டும். ஆனால் பாலம் மட்டும் வந்தால் டவுனில் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் வந்து படுத்து எழும் ஊராகிவிடுவோம் என்பது என் பயம். சிட்னியில் 1932-ல் ரயிலோடு பாலம் வந்தது. பிறகு வடகரையிலும் ஆபீஸ்கள் முளைத்தன. இன்று காலையில் இரண்டு திசையிலும் ரயிலில் கூட்டம். நமக்கு ரெண்டு மூணு அரசு ஆபீசாவது இந்தப் பக்கம் மாற்றட்டுமே. அந்தக் கரைக்காரர்களும் கொஞ்ச நாள் காலையில் சாத்தம் ஜெட்டியில் வரிசையில் நின்று படகேறட்டும்.