அரியலூர்ச் சூளைகளும் ஆண்டு 2000 பிழையும்

இன்று அரியலூர், பெரம்பலூர் என இரு மாவட்டங்களாக உள்ள நிலப்பகுதி, 1999-ஆம் ஆண்டு முடியும் வேளையில் பெரம்பலூர் என்னும் ஒரே மாவட்டமாக இருந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கு பரவியிருந்த கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் படிவே இப்பகுதிக்குச் சிமெண்ட் தொழிலைக் கொண்டுவந்தது. அரசின் சிமெண்ட் ஆலை அரியலூரில் 1979-இல் உற்பத்தியைத் தொடங்க, மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலத்தியூர் ஆலை 1997-இல் இயங்கத் தொடங்கியது. அந்த ஆண்டுகளில்தான் உலகெங்கும் நிறுவனங்கள் தம் கணிப்பொறிகளின் நாட்காட்டியைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியிருந்தன.

நினைவகத்தின் விலை மிக அதிகமாக இருந்த 1960-களில், நிரல் எழுதியோர் ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டுமே குறித்தனர். எனவே 99-க்குப் பின் வரும் 00 என்பதைப் பொறி 1900 என்று கொண்டு, வட்டியையும் வயதையும் கெடுவையும் தவறாகக் கணக்கிடும் என்பதே அச்சம். 1900 லீப் ஆண்டு அன்று. 400-ஆல் வகுபடுவதால் 2000 லீப் ஆண்டு. ஆகவே பிப்ரவரி 29-உம் சோதனைக்குரிய நாளாயிற்று.

அலுவலகக் கணக்கில் நேரும் பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். சூளையில் அவ்வாறு இயலாது. ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கல்லைச் சுட்டுக் கிளிங்கர் ஆக்கும் சுழல்சூளை, சூடு தணியாத நிலையில் சுழற்சி நின்றால், தன் எடையாலேயே வளையக்கூடிய நெடிய எஃகு உருளையாகும். அதனால்தான் மின்சாரம் நின்றாலும் அதனை மெல்லச் சுழற்ற டீசல் இயந்திரம் போன்ற மாற்று ஏற்பாடு வைக்கப்படுகிறது. இத்தகைய ஆலைகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளுள் பெரும்பாலானவை நாளைப் பாராமல் கழிந்த நேரத்தையே எண்ணுபவை. ஆயினும் எந்தச் சில்லுக்குள் நாட்காட்டி ஒளிந்திருக்கிறது என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. எனவே கருவிகள் அனைத்தையும் பட்டியலிடுவதும், செய்தவரிடம் எழுத்துமூலம் உறுதி கேட்பதும், ஆலை நிற்கும் நாளில் கடிகாரத்தை முன்நகர்த்திப் பார்ப்பதுமே ஆயத்தத்தின் பெரும்பகுதி. திருத்தும் வழிகள் இரண்டு: ஆண்டை நான்கு இலக்கமாக விரிப்பது ஒன்று, குறித்த எல்லைக்குக் கீழ்ப்பட்ட எண்களை 2000-களாகவும் மற்றவற்றை 1900-களாகவும் கொள்வது மற்றொன்று. பின்னது செலவு குறைந்தது. ஆனால் தீர்ப்பது அன்று, தள்ளிப்போடுவது.

ஆலை தன்னை மட்டும் சீர்செய்துகொண்டால் போதாது என்பதே இதன் கடினம். மின்சாரம், ரயில், வங்கி ஆகியவற்றுள் ஒன்று தடுமாறினாலும் கிளிங்கர் தேங்கும். தென்னக மின்தொகுப்பு நாட்டின் பிற தொகுப்புகளோடு ஒத்தியங்கத் தொடங்கியது 2013 டிசம்பர் 31 அன்றுதான் என்பதால், 1999-இல் தென்னகம் தன் மின்னோட்டத்தின் சமநிலையைத் தானே காக்க வேண்டியிருந்தது. இந்நிலையில் மத்திய அரசு மான்டேக் சிங் அலுவாலியா தலைமையில் செயற்குழு ஒன்றை அமைத்து, முதன்மைத் துறைகளின் ஆயத்தத்தைக் கண்காணித்தது.

2000 ஜனவரி 1 அன்று இந்தியாவில் பெரும் முடக்கம் எதுவும் நேரவில்லை. அதனைக் கொண்டு அச்சமே பொய் என்பது, வேலை செய்தவர்களுக்குச் செய்யும் அநீதி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கருவுற்ற பெண்களின் வயதைப் பிழைபடக் கணித்த மருத்துவ மென்பொருள், நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தவறான முடிவுகளைத் தந்தது என்பதே திருத்தப்படாத பிழை எத்தகையது என்பதற்குச் சான்று. தள்ளிப்போட்ட பிழைகளும் மறையவில்லை: இரண்டு இலக்க ஆண்டை 19 வரை மட்டுமே அறிந்திருந்த ஸ்பிளங்க் என்னும் மென்பொருளுக்கு 2020 பிறக்குமுன் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை 32 இருமக் குறிகளில் எண்ணும் கருவிகளின் எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைப்பவை ஆதலால், அந்நாளைக் காணப்போகும் கருவிகளுள் பல இப்போதே பொருத்தப்பட்டுவிட்டன.