இரும்பில் எழுதிய வரலாறு

கல்லிலும் செப்பேட்டிலும் வரலாற்றைத் தேடிப் பழகிய நாம், இரும்பிலும் அது எழுதப்பட்டிருப்பதை எளிதில் எண்ணுவதில்லை. தேசிய மாணவர் படை அணிவகுப்புகளில் நம் பிள்ளைகள் தோளிற் சாத்திய பழைய .303 பயிற்சித் துப்பாக்கியும் ஒரு சாசனமே. அதனைப் படிக்கும் முறையை ஈண்டுக் காண்போம்.

மரக்கட்டையின் கழுத்தைத் தழுவி நிற்கும் இரும்புப் பூணின் வலப்பக்கமே முதலில் நோக்கத்தக்கது. ஆங்கே மகுடமும், ‘ஜி.ஆர்.ஐ.’ என்னும் எழுத்துகளும், ‘ஈசாப்பூர்’ என்ற பெயரும், ஓர் ஆண்டும் இருப்பின், அஃது ஊக்ளி ஆற்றங்கரைத் தொழிற்சாலையில் பிறந்தது என அறியலாம். இங்கிலாந்தில் செய்தவற்றில் ‘ஜி.ஆர்.’ மட்டுமே உண்டு. இறுதியில் நிற்கும் ‘ஐ’ என்னும் ஓரெழுத்து, அரசர் இந்நாட்டிற்குப் பேரரசர் என்று பறைசாற்றியது. 1950-இல் அசோகரின் சிங்கத்தூண் நாட்டுச் சின்னமாயிற்று. பின்னர்ச் செய்தவற்றில் மகுடம் இருந்த இடத்தில் சிங்கங்கள் அமர்ந்தன. கருவி மாறவில்லை, அதன் உடையவர் மாறினர்.

உரோமன் மூன்றின் அருகே ஒரு விண்மீன் காணப்படின், அது முதல் உலகப் போரின் நெருக்கடியால் 1916-இல் எளிமையாக்கப்பட்ட வகையைக் குறிக்கும். ஆண்டைப் படிப்பதில் விழிப்பு வேண்டும். 1942 என்று பொறித்த துப்பாக்கியை முதற்போரில் பாட்டனார் ஏந்தினார் என்பது பொருந்தாது. தாழின் எண்ணும் உடலின் எண்ணும் வேறுபடின், உறுப்புகள் மாற்றப்பட்டன என்பது தெளிவு. எந்தப் போர்க்களத்தைக் கண்டது என்பதை மட்டும் இம்முத்திரைகள் உரைப்பதில்லை.

இறுதியாகப் பொறிக்கப்பட்டவை ‘டி.பி.’ என்னும் ஈரெழுத்துகள். ‘அணிப்பயிற்சிக்கு மட்டும்’ என்பது அவற்றின் பொருள். தேய்ந்தும் பழுதுற்றும் களத்திலிருந்து விலக்கப்பட்ட கருவி அது. சுடும் ஊசியின் முனையை வெட்டியோ, தோட்டா அறையில் துளையிட்டோ அதனை முடக்குவதுண்டு. ஆதலின் அவ்வெழுத்துகள் வரலாறு மட்டுமல்ல, எச்சரிக்கையுமாம். அவற்றை அறியாது அதனிற் தோட்டா இட முயல்வது உயிருக்கே கேடாகலாம்.

பேரரசின் படைக்கலமாய்ப் பிறந்தது, குடியரசின் மாணவர்க்கு ஒழுங்கு கற்பிக்கும் கோலாய் முடிந்தது. மெருகேற்றும் ஆர்வத்தில் இப்பொறிப்புகளை அரத்தால் தேய்ப்பது கல்வெட்டைச் சிதைப்பதற்கு ஒப்பாகும். பழம்பொருளைத் துலக்குமுன் அதனைப் படிக்க நம் இளைஞர்க்குக் கற்பிப்போமாக!