ஒரு புட்டி மருந்தும் ஒரு மனிதர் சுமந்த பழியும்

கண்ணுக்குப் புலப்படாத உயிர்களோடுதான் நாம் அன்றாடம் வாழ்கிறோம். இரவில் கரைத்து வைத்த மாவு விடியலில் பொங்கி நிற்பதும், உறையிட்ட பால் தயிராவதும் அவற்றின் வேலையே. உளுந்தின் வேர்முடிச்சுகளில் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்குவனவும், சருகையும் சாணத்தையும் மக்கச் செய்து நிலத்துக்கு மீட்டுத் தருவனவும் அவையே. ஆயினும் அதே மண்ணில்தான் இரணஜன்னிக் கிருமியின் வித்துகளும் உறங்கிக் கிடக்கின்றன. ஒரே பிடி மண்ணில் நன்மையும் தீமையும் கலந்து கிடக்கும் இவ்வுண்மை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நல்ல மனிதர் ஒருவரின் வாழ்வைப் புரட்டிப் போட்டது. அவ்வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம்.

வால்டெமர் ஹாஃப்கின் 1860இல் கருங்கடற்கரையிலுள்ள ஒதேசா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியபோது வாந்திபேதிக்குத் தடுப்பு மருந்து ஒன்றைக் கண்டார். 1892 ஜூலையில் அதனை முதன்முதலாகத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். பிறர்மேல் சுமத்தும் சுமையைத் தாமே முதலில் சுமந்து பார்ப்பது அவருடைய இயல்பு. 1893இல் இந்தியா வந்து, கல்கத்தாவிலும் வட இந்தியாவிலும் பல்லாயிரம் பேருக்கு அம்மருந்தை அளித்தார்.

1896இல் பம்பாயில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தோன்றியது. இத்தகைய நோய்க் காலங்களில் புனித செபஸ்தியாரின் துணையை மக்கள் தேடி ஓடியதை நாம் அறிவோம். பம்பாய் மக்களோ ஊரை விட்டே ஓடினர். அந்நோயின் கிருமியை அலெக்சாந்தர் யெர்சின் 1894இல்தான் ஹாங்காங்கில் கண்டறிந்திருந்தார். ஹாஃப்கின் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சிறு இடத்தில், விரல்விட்டு எண்ணத்தக்க உதவியாளரோடு உழைத்தார். இறைச்சிச் சாற்றின்மேல் நெய்த்துளிகளை மிதக்கவிட்டு, அவற்றினடியில் கிருமிகளை வளர்த்து, பின்பு வெப்பத்தால் கொன்று மருந்தாக்கினார். 1897 ஜனவரி 10ஆம் நாள் அதையும் தமக்கே முதலில் செலுத்திக்கொண்டார். உயிரோடிருந்து கொன்ற கிருமி, செத்த பின் மனிதனுக்குக் காவலாயிற்று. செத்த கிருமியைக் கண்டு பகைவனின் உருவை அறிந்துகொள்ளும் உடல், உயிருள்ள கிருமி வரும்போது ஆயத்தமாக நிற்கிறது. அம்மருந்து முழுக் காப்பு அளிக்கவில்லை. எனினும் நோயையும் சாவையும் பெரிதும் குறைத்தது.

1902 அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபிலுள்ள முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு இம்மருந்து செலுத்தப்பட்டது. ஒரு வாரம் கழிந்தபின் அவர்களுள் 19 பேருக்கு இரணஜன்னி கண்டது. பத்தொன்பது பேரும் மாண்டனர். அன்று திறக்கப்பட்ட புட்டிகள் ஐந்து. இறந்த அனைவரும் அவற்றுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்றவர்கள்.

ஆய்வுக்கூடத்திலேயே அப்புட்டியில் நஞ்சு கலந்திருக்க வேண்டும் என விசாரணைக் குழு முடிவு செய்தது. கார்பாலிக் அமிலம் சேர்க்கும் பழைய முறையைக் கைவிட்டு, வெப்பத்தை மட்டும் நம்பி ஹாஃப்கின் மருந்து செய்ததே அவர்மேல் ஐயம் எழக் காரணமாயிற்று. அம்முறை பாஸ்டர் நிறுவனத்தில் கையாளப்பட்டதே என்பது எடுபடவில்லை. தாம் கட்டி எழுப்பிய ஆய்வுக்கூடத்தின் தலைமையை அவர் இழந்தார். அவர் அயலார் என்பதும் யூதர் என்பதும் அந்த ஐயத்துக்கு உரமிட்டன எனக் கருதுவோர் உண்டு.

உண்மையோ விசாரணைச் சான்றுகளுக்குள்ளேயே கிடந்தது. புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. அவர் அதைச் சற்றே மருந்து நீரில் அலசிவிட்டு, அதைக் கொண்டே அடைப்பானை எடுத்திருக்கிறார். ஆய்வுக்கூடத்திலேயே கிருமி புகுந்திருப்பின், மூடிய புட்டிக்குள் நாள்பட வளர்ந்து திறந்தவுடன் நாற்றம் வீசியிருக்கும். அப்படி எந்த நாற்றமும் இல்லை. நஞ்சு முன்னரே திரண்டிருப்பின், நோயும் விரைந்து வெளிப்பட்டிருக்கும். ஒரு வாரம் தாமதித்திராது. தெருமண்ணின் வித்துகள் அன்றுதான் புட்டிக்குள் சென்றன என்பதையே இவையெல்லாம் காட்டின. மலேரியா ஆய்வில் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் 1907இல் இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் இதனை எடுத்துரைத்தனர். அவ்வாண்டு இறுதியில் ஹாஃப்கின் பழியினின்று விடுவிக்கப்பட்டார். ஐந்தாண்டுகள் கழிந்துவிட்டன. மீண்டும் இந்தியா வந்தவருக்குக் கல்கத்தாவில் பணி கிடைத்ததேயன்றிப் பம்பாய்ப் பொறுப்பு கிடைக்கவில்லை. 1925இல் பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலமானார்.

மண்ணின் கதை அத்தோடு முடியவில்லை. 1943இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளைஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பிரித்தெடுத்தார். காசநோயைத் தணித்த அம்மருந்து, பிளேக்கையும் குணப்படுத்தியது. முல்கோவாலில் பத்தொன்பது உயிர்களைப் பறித்ததும் மண்ணில் வாழ்ந்த உயிர். பின்னாளில் எண்ணற்றோரைக் காத்ததும் மண்ணில் வாழ்ந்த உயிர்.

ஆகவே கிருமி என்றாலே பகை என்று ஒதுக்குவதும், மருந்து என்றாலே நன்மை என்று கவனமின்றிக் கையாள்வதும் தவறு. இடுக்கியை முறைப்படி கிருமிநீக்கம் செய்திருந்தால் அப்பத்தொன்பது பேரும் பிழைத்திருப்பர். அந்த உதவியாளரிடம் வஞ்சம் இருந்ததாக எவரும் கூறவில்லை; இருந்தது நொடிப்பொழுது அசட்டை மட்டுமே. ஹாஃப்கினைப் பழித்தவர்களிடமோ, தீர விசாரிக்கும் பொறுமை இல்லை. இரண்டுமே நம் இல்லங்களிலும் ஊர்களிலும் நாம் நாள்தோறும் காணும் குறைகள்தாம். ஒருவரைக் குற்றவாளி என்று தீர்க்கும் முன், விழுந்த இடுக்கி எங்கே என்று ஒருமுறை தேடிப் பார்ப்போமாக.