சத்தம் வேறு, வேகம் வேறு: சைலன்சரின் வரலாறு

மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகள் புத்தகத்தோடு உட்காரும் நேரத்தில் எழும் பைக் சத்தம் பற்றி ஊரில் இப்போது அதிகம் பேசுகிறோம். பெரியவர்கள் ஏசுகிறார்கள். தம்பிமார் "சத்தம் இல்லாவிட்டால் பைக் இழுக்காது" என்கிறார்கள். இது நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வழக்கு. அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

எஞ்சினின் வெளியேற்று வால்வு திறந்ததும், அழுத்தம் கூடிய சூடான வாயு ஒரே வீச்சில் குழாய்க்குள் பாய்கிறது. அந்த அழுத்த அலைதான் நாம் கேட்கும் வெடிச்சத்தம். இதை அடக்கும் கருவிக்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், தன் சகோதரருடன் சேர்ந்து 1897இல் காப்புரிமை பெற்றார். 1909இல் ஹைரம் பெர்சி மக்சிம் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சின்களுக்கும் சைலன்சர் செய்தார். இவருடைய தகப்பனார்தான் மக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். அந்தத் துப்பாக்கிச் சத்தத்தாலேயே பிற்காலத்தில் காது கேளாமல் போனவர்.

நமது ஊர்ப் பிரச்சினைக்கு மிக நெருக்கமான கதை இங்கிலாந்தில் நடந்தது. 1907இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அயலில் குடியிருந்தவர்கள் சத்தம் தாங்காமல் முறையிட்டார்கள், வழக்கும் போட்டார்கள். 1920களின் நடுப்பகுதியில் அங்கு ஓடும் வாகனங்களுக்குப் பெரிய சைலன்சர் கட்டாயமாக்கப்பட்டது. 'புரூக்லாண்ட்ஸ் கேன்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அதனால் வேகம் குறைந்ததா? இல்லை. அந்தத் தடத்தின் மோட்டார் சைக்கிள் சுற்றுச் சாதனையை 1939இல், சைலன்சர் கட்டாயமாக இருந்த காலத்தில்தான், நோயல் போப் நிலைநாட்டினார். மணிக்கு 124.51 மைல், அதாவது சுமார் 200 கிலோமீற்றர்.

கிழக்கு ஜேர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்டர் காடன் என்ற பொறியியலாளர் 1950களில் இன்னொன்றைக் காட்டினார். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் குழாயை அளவாக அகலித்து, மீண்டும் ஒடுக்கினார். திரும்பி வரும் அழுத்த அலை, வெளியே நழுவும் எரிபொருள் கலவையை எஞ்சினுக்குள் திருப்பித் தள்ளியது. 1961இல் அவரது 125 சிசி எஞ்சின் 25 குதிரைவலு தந்தது. வலு வருவது குழாயின் அளவான வடிவத்தால். வாயைத் திறந்து விடுவதால் அல்ல.

அமெரிக்காவில் 1983 முதல் புதிய வீதி மோட்டார் சைக்கிள்களுக்கு 83 டெசிபெல் என்றும், 1986 முதல் 80 டெசிபெல் என்றும் எல்லை வைத்தார்கள். 10 டெசிபெல் குறைந்தால் நமது காதுக்குச் சத்தம் ஏறத்தாழப் பாதியாகக் கேட்கும்.

கம்பனிச் சைலன்சரைக் கழற்றிவிட்டு நாம் வெளியில் வாங்கிப் பூட்டுபவற்றில் பல, துளையிட்ட ஒரு நேர்க்குழாயும் அதைச் சுற்றிய கண்ணாடி நார்ப் பஞ்சும்தான். அவற்றின் வாயில் பூட்டும் சிறிய உட்குழாய்தான் 'பஃபிள்'. ஒரு பொல்ட்டில் நிற்பதால் கழற்றுவதும் இலகு, பூட்டுவதும் இலகு.

பஃபிளைத் தொலைத்தவர்கள் எஞ்சின் ஆறிய பிறகு சைலன்சர் வாயின் உள்விட்டத்தை அளந்து, அதற்குச் சற்றுச் சிறியதாக வாங்குங்கள். சூடு தாங்கும் பஞ்சைச் சுற்றி இறுக்கமாகச் செருகி, பொல்ட்டைப் பூட்டுங்கள். அதிர்வில் பொல்ட் தளரும், சில நாள் கழித்து மீண்டும் இறுக்குங்கள். மிக ஒடுங்கிய பஃபிள் எஞ்சினைத் திணறடிக்கும். திறந்த குழாய்க்காகக் கார்பரேட்டரை மாற்றியிருந்தால், பிளக் கறுக்கும். மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்யுங்கள்.

தம்பிமாரே, பைக்கை விற்கச் சொல்லவில்லை, ஓட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கழற்றி மூலையில் போட்ட பஃபிளைத் தேடி எடுத்துப் பூட்டுங்கள். பெரியவர்களே, வீதியில் நிறுத்தி ஏசுவதை விட, பஃபிள் வாங்க ஒரு பிள்ளைக்கு உதவினால் பலன் அதிகம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் எல்லா ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் தங்கையாகவும் இருக்கலாம்.