தானத்தில் சிறந்தது நிதானம்



கம்போங் குவாந்தானிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள் ஒரு குறை சொல்வதுண்டு. "இரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி அந்த மிஸ்ஸி பேரையும் ஐ.சி. நம்பரையும் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. நம்மள நம்பலையா?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

பிரசவத்தில் இரத்தம் கொட்டி இறந்துபோகும் தாய்மார்களைக் காப்பாற்ற வேண்டும் என்று ஏங்கியவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல். 1818-ஆம் ஆண்டில் அவர் மனிதர் இரத்தத்தை மனிதருக்கே செலுத்திப் பார்த்தார். பின்னர் அவரிடம் சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தார்கள். காரணம்தான் யாருக்கும் விளங்கவில்லை.

விடை வியன்னா நகரில் கிடைத்தது. 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர், தம்முடன் வேலை செய்தவர்களின் இரத்தத்தைப் பிரித்தெடுத்து, ஒருவருடைய நீரோடு மற்றவருடைய சிவப்பணுக்களைக் கலந்து பார்த்தார். சில அப்படியே கலந்தன. சில, பால் திரிந்தாற்போல் கட்டிகட்டியாயின. இரத்தத்தில் வகைகள் உண்டென்று உலகம் அறிந்தது. ஏ, பி, ஏபி, ஓ என்று இன்று நாம் சொல்வதன் தொடக்கம் இதுவே. இதற்காக 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஓ வகைக்காரருக்கு ஏ வகை இரத்தத்தை ஏற்றினால், ஏற்றிய அணுக்கள் உடைந்து, சிறுநீரகம் கெட்டு, உயிரே போய்விடலாம். நம் லயத்தில் எத்தனை லெட்சுமி, எத்தனை முனியாண்டி! பெயர் ஒன்றாயிருந்து வகை வேறானால் என்ன ஆகும்? அதனால்தான் மிஸ்ஸி கேட்கிறார்.

சரி, வகை பொருந்தினால் போதுமா? போதாது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகளை வேலூரில் சோதித்தபோது, இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி தெரியவந்தது. அது இரத்தப் பையிலும் பயணம் செய்யும் கிருமி. காசுக்கு இரத்தம் கொடுப்பவர் நோயை மறைக்கக்கூடும் அல்லவா? ஆகவே, இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, 1998 முதல் அவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது.

ஆனாலும் 2018 டிசம்பரில் தமிழ்நாட்டின் சாத்தூரில், ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய இரத்தத்தில் அக்கிருமி இருந்தது வெளிப்பட்டது. கொடுத்தவர் ஓர் இளைஞர். தமக்கு நோய் என்று அறிந்ததும் அவரே முன்வந்து சொன்னார். சோதனையில் நேர்ந்த ஒரு கவனக்குறைவு, இரண்டு குடும்பங்களைக் கண்ணீரில் தள்ளியது.

நம் நாட்டில் இரத்தம் காசு வாங்காத தானமே. ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் கிருமிகள், மேகநோய் ஆகியவற்றுக்காகச் சோதிக்கப்படுகிறது. ஆனால் கிருமி புதிதாகத் தொற்றிய சில நாட்களுக்குச் சோதனையிலும் அகப்படாமல் போகலாம். அங்கே காப்பது கொடுப்பவரின் உண்மை ஒன்றுதான்.

எனவே பெற்றோர்களே, இரத்தம் கொடுக்கப் போனால் பாரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வெட்கம் வேண்டாம். ஏற்றிக்கொள்ளும்போது பெயர் கேட்டால், பத்துத் தடவையானாலும் சலிக்காமல் சொல்லுங்கள். குளிரோ, நடுக்கமோ, முதுகுவலியோ, மூச்சுத்திணறலோ கண்டால் உடனே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள், பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பாட்டிக்குப் படிக்கத் தெரியாவிட்டால், பக்கத்தில் நின்று ஐ.சி. நம்பரை வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் கற்ற கல்வியின் பயன் அதுதான்.

தானத்தில் சிறந்தது நிதானம் என்று நம் முன்னோர் சொன்னது வீண்போகவில்லை. கொடுப்போம், நிதானமாய்க் கொடுப்போம், உயிர் காப்போம்!