ஐந்தாமவன்

1998 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகருக்கு அருகிலுள்ள ரிம் ராக் பண்ணையில், அந்நாட்டுக் கல்லூரிகளுக்கான தேசிய கிராஸ் கண்ட்ரி இறுதிப் போட்டி நடந்தது. ஆண்கள் ஓட வேண்டிய தொலைவு 10 கிலோமீட்டர். கொலராடோ பல்கலைக்கழக மாணவர் ஆடம் கௌச்சர் 29 நிமிடம் 26 விநாடிகளில் ஓடி முதலிடம் பெற்றார். அவருடைய அணிக்கோ மூன்றாமிடம். ஆர்கன்சா 97 புள்ளி, ஸ்டான்ஃபோர்ட் 114, கொலராடோ 149.

முதல்வனைத் தன்னிடம் வைத்திருந்த அணி எப்படி மூன்றாவதாக வந்தது? இந்த விளையாட்டு தன் வெற்றியை எண்ணும் முறை விந்தையானது. ஒவ்வோர் அணியிலும் எழுவர் ஓடுவார்கள். ஓடி முடித்த வரிசையே புள்ளி: முதலாவதாக வந்தவருக்கு 1, நாற்பதாவதாக வந்தவருக்கு 40. எழுவரில் முன்னால் வந்த ஐவரின் புள்ளிகளை மட்டும் கூட்டுவார்கள். தொகை குறைந்த அணி வெல்லும். (அணியாகத் தகுதி பெறாமல் தனியாளாக வந்து ஓடுபவர்களை வரிசையிலிருந்து நீக்கிவிட்டுத்தான் இந்தக் கணக்கு.) ஆறாமவர், ஏழாமவர் புள்ளிகள் சேர்வதில்லை, ஆனால் எதிரணியின் ஐந்தாமவனை அவர்கள் முந்திவிட்டால் அவன் ஓரிடம் பின்தள்ளப்படுவான்.

ஆக, கௌச்சர் ஒரு விநாடியில் வென்றாலும் ஒரு நிமிடத்தில் வென்றாலும் அணிக்கு அவர் தருவது அதே 1 புள்ளிதான். கூட்டம் நெருங்கி ஓடும் நடுவிலோ ஒரு விநாடி தளர்ந்தால் நாலைந்து பேர் முந்திவிடுவார்கள். யாரும் புகைப்படம் எடுக்காத அந்த இடத்தில்தான் பெரும்பாலும் கோப்பை தீர்மானமாகிறது. விடைத்தாள் திருத்திப் பழகிய எனக்கு இது கொடுமையான மதிப்பெண் முறையாகவே தோன்றுகிறது. வகுப்பின் தேர்ச்சியை முதல் மாணவனைக் கொண்டு அளக்காமல் தடுமாறுபவனைக் கொண்டு அளப்பதைப் போன்றது அது. கொடுமைதான்; ஆனால் நியாயமானதும்கூட.

இவ்விளையாட்டின் தோற்றம் இங்கிலாந்துப் பள்ளிச் சிறுவர்களின் 'முயலும் வேட்டைநாயும்' என்னும் ஆட்டத்தில் இருக்கிறது. சிலர் காகிதத் துணுக்குகளைச் சிந்தியபடி முன்னே ஓட, மற்றவர் தடம் பற்றித் துரத்துவர். 1868 இல் லண்டனில் இதற்கென்றே தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ் என்ற சங்கம் உருவாயிற்று. ஒலிம்பிக்கில் 1912, 1920, 1924 ஆகிய மூன்று முறை மட்டும் இடம் பெற்றது. 1924 இல் பாரிஸின் கடும் வெயிலில் 38 பேர் புறப்பட்டு 15 பேரே ஓடி முடித்தனர். வென்றவர் பின்லாந்தின் பாவோ நூர்மி. அந்த அவலத்தோடு ஒலிம்பிக் இதைக் கைவிட்டது. அமெரிக்கக் கல்லூரிகள் கைவிடவில்லை. 1938 முதல் அங்கே தேசிய இறுதிப் போட்டி நடந்து வருகிறது.

1998 ஆம் ஆண்டுக் கொலராடோ அணியை இன்றும் பலர் நினைவுகூர்வதற்குக் காரணம் ஒரு புத்தகம். கல்லூரி நாட்களில் தாமும் ஓட்டக்காரராக இருந்த கிறிஸ் லியர், அந்தப் பருவம் முழுவதும் போல்டர் நகரில் தங்கி, அணியின் ஒவ்வொரு நாளையும் குறித்துக்கொண்டு 'ரன்னிங் வித் தி பஃபலோஸ்' என்ற நூலை எழுதினார். உரைநடை அழகுக்காக அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இத்தனை மைல், இத்தனை நிமிடம், யாருக்குக் கால் வலி என்று கணக்கப்பிள்ளையின் பேரேடுபோலவே பல பக்கங்கள் நகர்கின்றன. ஆனால் அந்தச் சலிப்புதான் அவர்களுடைய வாழ்க்கை. சலிப்பைச் சுருக்காமல் எழுதிய நேர்மை அந்த நூலுக்கு உண்டு.

பயிற்சியாளர் மார்க் வெட்மோர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டின் வழியில் வந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்நெல், மர்ரி ஹால்பெர்க் இருவரையும் தங்கம் வெல்ல வைத்தவர் லிடியார்ட். வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மாதக்கணக்கில் தொலைவைச் சேர்த்துக்கொள் என்பது அவருடைய பாடம். போல்டரே கடல் மட்டத்திலிருந்து 5,400 அடிக்கு அருகில் இருக்கும் ஊர். ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்கும் மேலே, 8,000 அடியைத் தாண்டிய மக்னோலியா சாலைக்குச் சென்று அந்த மண்பாதையின் ஏற்ற இறக்கங்களில் நெடுந்தொலைவு ஓடுவார்கள். காற்று மெலிந்த அந்த உயரத்தில் உடம்பு கற்றுக்கொள்வதைச் சமவெளியில் கற்றுக்கொள்ள முடியாது என்பது நம்பிக்கை. எலும்பில் நுண்விரிசல் கண்டு ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கியதும் அதே மைல்களின் விளைவுதான். இறுதிப் போட்டிக்கு யார் நலமாய் எஞ்சுவார்கள் என்பதே அந்தப் பருவத்தின் பெரிய கேள்வியாக இருந்தது.

கௌச்சருக்கு அது கடைசி வாய்ப்பு. 1994 இல் முதலாண்டு மாணவராக அவர் தேசியப் போட்டியில் இரண்டாவதாக வந்திருந்தார். அன்று வென்றவர் மார்ட்டின் கெய்னோ, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் தங்கம் வென்ற கென்யாவின் கிப்சோகே கெய்னோவின் மகன். முதலாண்டிலேயே அவ்வளவு நெருங்கியவருக்கு, இடையில் காயங்களும் தோல்விகளுமாக நான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

அக்டோபரில் அந்தத் துயரம் நேர்ந்தது. அணியின் முன்னணி ஓட்டக்காரர்களில் ஒருவரான கிறிஸ் செவெரி மிதிவண்டி விபத்தில் இறந்தார். ஓட்டத்திலும் படிப்பிலும் ஒருங்கே சிறந்து விளங்கிய இளைஞர். அதுவரை மைல்களைக் குறித்துக்கொண்டிருந்த லியரின் பேரேடு அந்த இடத்தில் வேறொன்றாகிவிடுகிறது. பருவம் நிற்கவில்லை. பிக் 12 என்னும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் போட்டி வந்தது, கொலராடோ வென்றது. அடுத்து மண்டலப் போட்டி. அதற்கடுத்து லாரன்ஸ்.

ரிம் ராக் பண்ணை, கான்சஸ் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் பாப் டிம்மன்ஸ் தம் சொந்த நிலத்தில் வகுத்த ஓடுதளம். கான்சஸ் என்றால் தட்டையான கோதுமை வயல்கள் என்று நினைத்து வருபவர்களை அங்குள்ள மேடுகள் ஏமாற்றும். பாதையோரம் புகழ்பெற்ற ஓட்டக்காரர்களின் உருவங்களைத் தகட்டில் நிழலுருவாக வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு மேட்டுக்கு, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீட்டரில் யாரும் எதிர்பாராமல் வென்ற பில்லி மில்ஸின் பெயர். அவர் கான்சஸில் படித்தவர்.

அந்த மேடுகளில் கௌச்சர் தமக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டார். இரண்டாவதாக வந்தவர் அரிசோனாவின் அப்டி அப்டிரஹ்மான், பின்னாளில் ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் ஓடியவர். அணியின் கணக்கு தனியே கூட்டப்பட்டது. 97க்கும் 149க்கும் இடையே 52 புள்ளிகள்.

இந்த இடத்தில் வாசகனுக்கு ஒரு கெட்ட ஆசை எழுகிறது. செவெரியை அந்தப் பட்டியலில் செருகிப் பார்க்கும் ஆசை. நல்ல இடமொன்றில் அவர் வந்திருந்தால் ஐந்தாமவனின் புள்ளி நீங்கி அவருடையது சேர்ந்திருக்கும்; தொகை எவ்வளவு குறைந்திருக்கும்? நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். ஓடாதவனின் இடத்தைக் கணக்கிடுவது இறந்தவனை மறுபடியும் அணிக்குள் ஓர் எண்ணாக மாற்றுவதாகும் என்று பட்டது. அவருக்குப் பதிலாகப் புள்ளிகளுக்குள் வந்து ஓடிய இளைஞனையும் அந்தக் கழித்தல் அவமதிக்கிறது. தான் யாருடைய இடத்தில் ஓடுகிறோம் என்பது அவனுக்கு 10 கிலோமீட்டரும் தெரிந்திருக்கும்.

மூன்றாண்டுகள் கழித்து, 2001 இல், தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் கொலராடோவின் ஆண்கள் அணி தன் முதல் தேசியப் பட்டத்தைப் பெற்றது. கொலராடோ 90, ஸ்டான்ஃபோர்ட் 91. இம்முறை தனியாள் வெற்றி அவர்களுடையதன்று. முதலில் வந்தவர் கிழக்கு மிச்சிகனின் போவாஸ் செபோய்வோ. அந்த ஒற்றைப் புள்ளியை, தனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒருவனைக் கடைசி மேட்டில் முந்திய எவரும் ஈட்டியிருக்கலாம். பரிசுப் பட்டியலில் அதற்கென்று தனி வரி கிடையாது. இதற்கு நேரெதிரான கணக்கும் ஒன்றுண்டு. அதே கொலராடோ மாநிலத்தில், அலமோசா என்ற சிற்றூரின் ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரி, ஜோ விஜில் பயிற்சியில், 1992 ஆம் ஆண்டு இரண்டாம் பிரிவு தேசியப் போட்டியில் 15 புள்ளி பெற்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து: முதல் ஐந்து இடங்களிலும் அவர்களே. அதைவிடக் குறைந்த தொகை கணிதப்படி இயலாது.

வெட்மோரின் கதை அவ்வளவு இனிதாக முடியவில்லை. வீரர்களின் உடற்கொழுப்பை அளந்து வந்த முறை குறித்து முன்னாள் மாணவியர் 2022 இல் புகார் எழுப்ப, பல்கலைக்கழகம் விசாரித்தது. அம்முறை கணிசமானோரைப் பாதித்திருந்ததாக அறிக்கை வந்தது. 2024 இல் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. லியரின் நூலை இன்று படிக்கையில், அங்கே பெருமிதத்தோடு குறிக்கப்பட்ட எண்களைச் சற்று அச்சத்தோடுதான் வாசிக்க வேண்டியிருக்கிறது. அதற்காக நூலை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் பெருமையையும் அதில் பொறித்து வைத்தது நம் பழைய வழக்கம். வென்று திரும்பியவனுக்குக் கல் இல்லை. விளையாட்டுப் பட்டியல் இதற்கு நேர்மாறானது. ஓடி முடித்தவர்களை மட்டுமே அது எழுதும். 1998 நவம்பர் முடிவுத் தாளில் கௌச்சரின் பெயர் உச்சியில் இருக்கிறது. கொலராடோவின் மற்றவர்கள் கீழே, மற்ற கல்லூரிக்காரர்களிடையே சிதறிக் கிடக்கிறார்கள். செவெரியின் பெயருக்கு லியரின் புத்தகத்தைத்தான் திறக்க வேண்டும்.